சளியில் ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தால்: எச்ஐவி உள்ளவருக்கு டிபி பார்க்க எந்தப் பரிசோதனை, எந்த மருந்து முதலில்?

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். தனியார் லேப் ஒன்றில் இரண்டு முறை சளி கொடுத்து வாங்கிய முடிவு. இரண்டும் நெகட்டிவ். "ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துப்போட்டாங்களேங்க்கா, அப்புறம் எதுக்குங்க இன்னொருக்காச் சளி குடுக்கோணும்?" என்று கேட்டார்.

அவர் ரிக் வண்டியில் போர்வெல் போடுகிறவர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் ஊர் திரும்ப மாட்டார். எச்ஐவி இருப்பது நான்கு வருடமாகத் தெரியும். போன இடத்தில் மாத்திரை தீர்ந்துபோக, அப்படியே விட்டுவிட்டார். அது ஆகிவிட்டது எட்டு மாதம். 58 கிலோ இருந்த ஆள் 46 கிலோவுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் ஆனால் காய்ச்சல். இருமலைப் பற்றிக் கேட்டால், "அது பாறைத் தூசிங்க, எங்க வண்டியில எல்லாத்துக்கும் இருக்கும்" என்றார்.

எச்ஐவி உள்ளவர்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது பல வருடமாக என் வேலை. நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்த வரிசையில் நின்றால் எத்தனை நாள் போகும், அந்த நாட்களில் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எச்ஐவி உள்ளவர்கள் சாவதற்கு உலகம் முழுக்கவே முதல் காரணம் டிபிதான். அதுவும் குணமாகக்கூடிய டிபி. அதனால் எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது எத்தனை நாளில் பதில் சொல்லும்?

எங்கள் பக்கம் இருமலுக்குச் சொல்லக் காரணம் ஏராளம். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு, தறிக்கூடத்தில் நூல் தூசி, லாரியில் ரோட்டுப் புழுதி, ரிக்கில் பாறைத் தூள். (பாறைத் தூள் நுரையீரலில் படிந்தால் அதுவே டிபி வர வழி செய்யும்.) மெடிக்கலில் சொல்லி ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் நாலு நாள் இருமல் அடங்கும். லெவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்து என்றால் டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கி, நோய் பிடிபடுவதைத் தள்ளிப்போட்டுவிடும். எச்ஐவி இல்லாதவருக்கு இரண்டு வாரம் இருமினால் சளி பார்க்கச் சொல்வார்கள். எச்ஐவி உள்ளவருக்கு அந்த இரண்டு வாரக் கணக்கே கிடையாது. இருமல், காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது ஆகிய நான்கில் ஒன்று, எத்தனை நாளாக இருந்தாலும் சரி, பரிசோதனைக்குப் போக அது போதும்.

எந்தப் பரிசோதனை?

அந்தச் சீட்டு பொய் சொல்லவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவருக்குக் கிருமி தென்படவில்லை, அவ்வளவுதான். ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணாடித் தட்டில் தெரியும். எச்ஐவி முற்றியவர்களுக்குச் சளியில் அவ்வளவு கிருமி வருவதில்லை. டிபியால் நுரையீரலில் குழி விழுவதே நம் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு மோதுவதால்தான். அந்தச் சக்தி இறங்கிப்போனவருக்குக் குழி விழாது. குழி இல்லாவிட்டால் சளியில் கிருமி கொட்டாது. எக்ஸ்ரேயும் பல பேருக்குச் சுத்தமாகவே இருக்கும். உடம்பு நொடிந்துபோன ஆளிடம் சளியும் நெகட்டிவ், எக்ஸ்ரேயும் நார்மல் என்றால் எனக்கு நிம்மதி வருவதில்லை, பயம்தான் வருகிறது.

ஆகவே மைக்ராஸ்கோப்பா, சிபிநாட்டா என்ற கேள்விக்கே இடமில்லை. சிபிநாட் கிருமியின் மரபணுவைத் தேடுகிற மெஷின். மில்லிக்கு ஏறக்குறைய 130 கிருமி இருந்தாலே பிடித்துவிடும், அதன் புதிய அல்ட்ரா வகை 16 இருந்தாலும். முடிவு வர இரண்டு மணி நேரம் போதும். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்குமா கேட்காதா என்பதையும் அதே முடிவில் சொல்லிவிடும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட்டும் இதே வேலையைச் செய்கிறது. அது பேட்டரியில் ஓடுவதால் சின்ன ஊர்களுக்கும் போயிருக்கிறது. ட்ரூநாட்டில் முதலில் டிபி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ரிஃபாம்பிசினுக்கு இன்னொரு சிப் போட வேண்டும். அந்த இரண்டாவது சிப்பைப் போட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதுவே உங்களுக்கு நல்லது. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டும் இலவசம்.

கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது, இன்னும் நுட்பமானதுதான். ஆனால் திரவ ஊடகத்தில் வைத்தாலும் 42 நாள் வரை போகலாம். மருந்து எதிர்ப்பு சந்தேகம் இருந்தால் கட்டாயம் அனுப்ப வேண்டும், ஆனால் முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. கையில் ஊசி போட்டுத் தடிப்பு பார்க்கும் பரிசோதனையை விட்டுவிடலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு டிபி இருந்தாலும் தடிக்காமல் போகும்.

சளியே வராதவரை என்ன செய்வது? எழுந்து உட்காரத் தெம்பில்லாதவரிடம் "நல்லா இருமித் துப்புங்க" என்று டப்பாவை நீட்டுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். உப்புநீரை ஆவியாகப் பிடிக்க வைத்துச் சளி எடுக்கலாம். இன்னொரு வழி சிறுநீர். லாம் என்று சொல்கிற ஒரு பட்டை இருக்கிறது, கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியே. 60 மைக்ரோ லிட்டர், அதாவது ஒன்றிரண்டு துளி சிறுநீர் போதும். 25 நிமிடம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடு தெரியும். அந்தக் கோடு சில சமயம் மிக மங்கலாக இருப்பதால், உடன் வரும் அட்டையில் உள்ள மாதிரியோடு ஒட்டிவைத்துத்தான் சொல்ல வேண்டும். நோய் இருந்தும் கோடு விழாதவர்கள் பாதிக்கு மேல் உண்டு. அதனால் கோடு இல்லை என்றால் டிபி இல்லை என்று பொருளில்லை. கோடு விழுந்தால் அன்றே மருந்து தொடங்கலாம். எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ரத்த அணுக்களான சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இருப்பவர்களுக்கும் படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கும்தான் இதனால் பயன் அதிகம். எல்லா மையத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் வார்டில் சேர்த்திருந்தால் வாய் திறந்து கேளுங்கள். சிபிநாட்டோடு சேர்த்துச் செய்ய வேண்டியதே தவிர, அதற்குப் பதில் அல்ல.

இன்னொருவர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. இருமலே இல்லை. சிபிநாட்டில் சளி நெகட்டிவ். எச்ஐவி உள்ளவர்களுக்கு டிபி நுரையீரலோடு நிற்பதில்லை. கழுத்து நெரிகட்டி, வயிறு, நுரையீரலைச் சுற்றிய நீர், மூளை உறை எங்கு வேண்டுமானாலும் வரும். கட்டியில் ஊசி குத்தி எடுத்ததில் கொஞ்சம் கண்ணாடித் தட்டில் தடவி மைக்ராஸ்கோப்புக்குப் போகும். மிச்சத்தைச் சாதாரண உப்புநீரில், அதாவது நார்மல் சலைனில் போட்டுச் சிபிநாட்டுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். கட்டியை அறுத்து எடுத்தாலும் இதேதான். முழுவதையும் சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அந்தச் சதை கல்ச்சருக்கு ஆகாது, சிபிநாட்டுக்கும் சரிவராது. அப்புறம் இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஊசியில் எடுத்த நாலு சொட்டில்தான் டிபி என்று தெரிந்தது.

பரிசோதனையே வேண்டாம், நேரே டிபி மருந்தைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கோட் டிவுவார், உகாண்டா, கம்போடியா, வியட்நாம் நாடுகளில் சி.டி.4 100க்கும் கீழே இருந்தவர்களிடம் அதையே செய்து பார்த்தார்கள். 2020ல் வந்த முடிவின்படி, எல்லோருக்கும் மருந்து கொடுத்ததால் சாவு குறையவில்லை. முழுமையாகப் பரிசோதித்துத் தேவையானவருக்கு மட்டும் கொடுத்ததற்கு அது மேலாக இல்லை. எனவே பரிசோதனையை விடக் கூடாது. ஆனால் மூச்சு வாங்குகிற, நிற்க முடியாத ஆளுக்கு முடிவு வருவதற்குள் மருந்து தொடங்க டாக்டர் முடிவெடுத்தால் தயங்காதீர்கள்.

ரிக் வண்டிக்காரர் மறுநாள் காலை சிபிநாட்டுக்குச் சளி கொடுத்தார். மதியத்துக்குள் முடிவு வந்தது. டிபி இருக்கிறது, ரிஃபாம்பிசின் கேட்கும். சி.டி.4 எண்ணிக்கை 64.

எங்கே, வீட்டிலா ஆஸ்பத்திரியிலா?

பழைய ஆட்கள் இன்றும் டிபி என்றால் "பெருந்துறைக்குக் கொண்டு போகோணுமா?" என்று கேட்பார்கள். டிபி நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியம் அங்கே இருந்த காலத்து நினைப்பு அது. அந்தப் பகுதிக்கே பெயர் சானடோரியம் என்று நின்றுவிட்டது. வீட்டிலிருந்தே மருந்து எடுத்தால் சானடோரியத்தில் கிடப்பதற்குச் சமமாகக் குணமாகும், வீட்டாருக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று 1950களிலேயே ஒப்பிட்டு நிரூபித்தது நம் சென்னையில்தான். உலகமே அதைப் பின்பற்றியது. எனவே பெரும்பாலானவர்களுக்கு வீடே போதும். எடை மிகவும் குறைந்தவர், மூச்சு வேகமாக வாங்குபவர், ஆக்ஸிஜன் இறங்கியவர், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாதவர் ஆகியோரை மட்டும் சேர்த்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கிற காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் முதல் நாளே இதைத்தான் பார்க்கிறார்கள்.

தனியாரா அரசா என்பதில் என் எண்ணத்தை மறைக்கப்போவதில்லை. எச்ஐவியும் டிபியும் சேர்ந்து வந்தால் அரசின் ஏஆர்டி மையமே நல்லது (ஏஆர்டி என்பது எச்ஐவியை அடக்கும் மருந்து). இரண்டு நோய்க்கும் மருந்து இலவசம், இரண்டு மருந்தும் ஒன்றோடொன்று மோதும் விஷயம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அரசின் டிபி பதிவான நிக்ஷயில் எண் போட்டால் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். தனியார் டாக்டரிடம் டிபிக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் சில சமயம் எச்ஐவி இருப்பதையே சொல்வதில்லை. அது உயிருக்கே ஆபத்து.

சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரியாததல்ல. நாமக்கல்காரர் ஈரோட்டுக்கும், ஈரோட்டுக்காரர் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறிப் போவது இங்கே சாதாரணம். போகலாம், எங்கும் மருந்து ஒன்றுதான். ஆனால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்ந்து, மூன்றாவது மாதம் போகாமல் நின்றுவிடுவார்கள் என்றால் பக்கத்து மையமே மேல். உங்கள் அனுமதியில்லாமல் உங்கள் நிலையை யாரிடமும் சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

முதலில் டிபி மருந்தா, எச்ஐவி மருந்தா?

இரண்டையும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. டிபி மருந்து முதலில், ஏஆர்டி அதற்குப் பின். எத்தனை நாள் பின் என்பதுதான் கேள்வி. மாத்திரை அதிகமாகிவிடும், உடம்பு தாங்காது, இரண்டு மாதம் போகட்டும் என்று முன்பு தள்ளிப்போட்டார்கள். கம்போடியாவில் 661 பேரிடம் இரண்டு வாரத்தையும் எட்டு வாரத்தையும் ஒப்பிட்டார்கள். எட்டு வாரம் காத்திருந்தவர்களில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள், இரண்டு வாரத்தில் தொடங்கியவர்களில் 18 சதவீதம். அந்த முடிவு 2011ல் வந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனம் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் இரண்டு வாரத்துக்குள் தொடங்கச் சொல்கிறது. ஏற்கெனவே ஏஆர்டி எடுத்துக்கொண்டிருப்பவர் அதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. மூளை உறையில் டிபி. விடாத தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், கழுத்து விறைப்பு இருந்தால் ஏஆர்டி தொடங்குமுன் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி இருப்பவருக்குக் குறைந்தது நான்கு வாரம் பொறுத்துத்தான் கொடுப்பார்கள். மண்டைக்குள் வீக்கம் கூடினால் தாங்காது.

சீக்கிரம் தொடங்குவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது. பனியன் கம்பெனிப் பெண்ணுக்கு ஏஆர்டி தொடங்கி மூன்றாவது வாரம் கழுத்துக் கட்டி எலுமிச்சை அளவுக்குப் போய்விட்டது, கூடவே காய்ச்சல். மாமியார் போன் செய்தார். "மருந்து ஒத்துக்கலைங் கண்ணு, நிறுத்திப்போடட்டுமா?" நிறுத்தியிருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும். திரும்பி வந்த எதிர்ப்புச் சக்தி கிருமியோடு மோதுவதால் வருகிற வீக்கம் அது. ஐரிஸ் என்பார்கள். கம்போடிய ஆய்விலும் சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு இது இரண்டு மடங்குக்கு மேல் வந்தது, இருந்தும் பிழைத்தவர்கள் அவர்களில்தான் அதிகம். டாக்டர் பார்த்து, மருந்து எதிர்ப்பு இல்லை என்று உறுதி செய்து, ஸ்டீராய்டு கொடுத்தார். கட்டி அமுங்க ஆறு வாரம் ஆனது. டிபி மாத்திரையும் ஏஆர்டியும் ஒரு வேளைகூட நிற்கவில்லை.

எந்த ஏஆர்டி என்ற கேள்வி சுலபமாகத் தோன்றும், ஆனால் தவறு நடப்பது இங்கேதான். இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுப்பது டிஎல்டி, மூன்று மருந்து சேர்ந்தது, ஒரு நாளுக்கு ஒரு மாத்திரை. அதில் உள்ள டொலுடெக்ராவிரை ரிஃபாம்பிசின் சீக்கிரமே கரைத்துவிடும். கல்லீரலை முடுக்கிவிட்டு மருந்தை வேகமாக வெளியேற்றிவிடுகிறது. அதனால் டிஎல்டி எடுத்த 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டொலுடெக்ராவிர் தனியாக எடுக்க வேண்டும். டிபி மருந்து முடிந்து இரண்டு வாரம் வரை அதைத் தொடர வேண்டும். இன்னொரு வழி எஃபாவிரென்ஸ் சேர்ந்த பழைய மாத்திரை. அதற்குக் கூடுதல் டோஸ் வேண்டாம், இரவில் ஒன்றோடு முடிந்தது. ஆனால் தலைசுற்றல், கெட்ட கனவு, மனச்சோர்வு சிலருக்கு வரும். இரவில் வண்டி ஓட்டுகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம் என்பேன். இரண்டாம் வரிசை மருந்தான அட்டாசனாவிர், லோபினாவிர் எடுப்பவர்களுக்கு ரிஃபாம்பிசினுக்குப் பதில் ரிஃபாபுட்டின் கொடுப்பார்கள். என்ன ஏஆர்டி எடுக்கிறீர்கள் என்பதை டிபி எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் டப்பாவையே காட்டிவிடுங்கள்.

ரிக் வண்டிக்காரருக்கு 46 கிலோ எடைக்கு நாலு மருந்து சேர்ந்த டிபி மாத்திரை மூன்று. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் அவை, காலை ஒன்பதுக்கு டொலுடெக்ராவிர், இரவு ஒன்பதுக்கு டிஎல்டி. போனில் மூன்று அலாரம் வைத்துக் கொடுத்தேன். இதோடு கோட்ரிமாக்சசோலும் பி6 வைட்டமினும் உண்டு. வயிற்றெரிச்சலுக்கு அவர் எப்போதும் ஒரு கேஸ் சிரப் குடிப்பார். அந்தச் சிரப்பில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் டொலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. டொலுடெக்ராவிர் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சிரப். சிரப்பை முதலில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்து போன் செய்தார். அது ரிஃபாம்பிசின் நிறம், பயமில்லை என்றேன். கண் மஞ்சளானாலோ, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினாலோ, பார்வை மங்கினாலோ மட்டும் அன்றே வரச் சொன்னேன். சாராயத்தை ஆறு மாதம் தொடாதீர்கள் என்றதற்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க்கா" என்றார்.

முன்பெல்லாம் வாரத்துக்கு மூன்று நாள் மருந்து என்று இருந்தது. வெளியூர் போகிறவருக்கு அதுவே வசதி என்று இன்றும் யாராவது சொல்வார்கள். வேண்டாம். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எச்ஐவி உள்ள 331 பேரிடம் இதை ஒப்பிட்டு 2018ல் முடிவு வெளியிட்டது. தினமும் எடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் குணமானார்கள், வாரம் மூன்று நாள் எடுத்தவர்களில் 77 சதவீதம். தினசரி மருந்துதான் இப்போது எல்லோருக்கும். வெளி மாநிலம் போகுமுன் மையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். நிக்ஷய் எண்ணை வைத்து சிகிச்சையை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். எச்ஐவி பற்றிக் கேட்க 1097, டிபிக்கு 1800-11-6666, இரண்டும் இலவசம்.

வீட்டில் இருப்பவருக்கு

அவர் மனைவிக்கும் எச்ஐவி. மூன்று வருடமாக ஒழுங்காக டிஎல்டி எடுப்பவர், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. முன்பு சொன்ன நான்கு அறிகுறியையும் கேட்டாயிற்று, எக்ஸ்ரேயும் பார்த்தாயிற்று, டிபி இல்லை. வராமல் தடுக்க அவருக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று ஐசோநியாசிட் ஆறு மாதம், தினம் ஒன்று. இன்னொன்று ஐசோநியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒரு முறை, மொத்தம் 12 வாரம். இரண்டாவதில் ஒரே நாளில் பல மாத்திரை விழுங்க வேண்டும். கர்ப்பமாக இருந்தால் அது ஆகாது, கருத்தடை மாத்திரையும் அதனால் வேலை செய்யாமல் போகலாம். ஆனால் டிஎல்டியோடு கூடுதல் டோஸ் எதுவும் தேவையில்லை. அவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பதால் வாரம் ஒரு முறையே போதும் என்றார். எந்தக் கிழமை வைத்துக்கொள்வது என்று கவுன்சிலர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமைங்க. கறி எடுக்கற நாளு, மறக்காது."